இரு நகரங்கள், பல எல்லைகள்: புதுச்சேரியும் சண்டிகரும்

மாநிலங்களை ஒப்பிடும் அட்டவணைகளின் அடிப்பகுதியில் யூனியன் பிரதேசங்களுக்கென்று சில வரிகள் ஒதுக்கியிருப்பார்கள். புதுச்சேரியும் சண்டிகரும் இடம்பெறுவது அங்கேதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு புதுச்சேரியில் 85.8 விழுக்காடு, சண்டிகரில் 86. இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லிவிடலாம். ஆனால் அதே அட்டவணையில் பாலின விகிதத்தைப் பாருங்கள்: ஆயிரம் ஆண்களுக்குப் புதுச்சேரியில் 1,037 பெண்கள், சண்டிகரில் 818 பேர். ஒன்று கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது; மற்றது பட்டியலின் அடிமட்டத்தில் கிடக்கிறது. சட்டம் ஒரே வகையில் சேர்த்துவிட்ட இரண்டும் உண்மையில் ஒரே வகைதானா? அதற்கு விடை தேடுமுன் இன்னொரு கேள்வியைத் தீர்த்தாக வேண்டும். நாம் ஒப்பிடுவது எந்தப் புதுச்சேரியை, எந்தச் சண்டிகரை?

புதுச்சேரிக்கு ஒன்றல்ல, நான்கு அளவுகள் இருக்கின்றன. 2011 கணக்குப்படி புதுச்சேரி நகராட்சியில் 2,44,377 பேர். பக்கத்திலுள்ள உழவர்கரை நகராட்சியையும் ஒட்டிய ஊர்களையும் சேர்த்த நகரத் திரளில் 6,57,209 பேர். பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களையும் கூட்டினால் மாவட்டம். அதில் 9,50,289 பேர். காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றையும் சேர்த்தால் 12,47,953. இந்த நான்கில் எதைச் சொன்னாலும் ‘புதுச்சேரியின் மக்கள்தொகை’ என்றே சொல்லலாம். சிறியதற்கும் பெரியதற்கும் ஐந்து மடங்கு வித்தியாசம் என்பதுதான் சிக்கல்.

சண்டிகரில் இந்தக் குழப்பம் இல்லை. 114 சதுர கிலோமீட்டர், 10,55,450 மக்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் நகரவாசிகள். ஒரே துண்டு நிலம், ஒரே மாவட்டம், ஒரே ஊர். சுற்றியிருந்த கிராமங்களும் ஒவ்வொன்றாக மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. நகரமும் பிரதேசமும் இவ்வளவு கச்சிதமாக ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடத்தை நாட்டில் வேறெங்கும் காண்பது அரிது.

மக்கள் அடர்த்தியை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாட்டின் விளைவு துலங்கும். சதுர கிலோமீட்டருக்குச் சண்டிகரில் 9,258 பேர். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 2,547 பேர். தமிழ்நாட்டில் 555 பேர். இதை வைத்துப் புதுச்சேரி தமிழ்நாட்டைவிட நெருக்கடியானது என்று எழுதினால் எண்ணில் பிழை இருக்காது, பொருளில்தான் பிழை. ஒரு நகரத்தையும் அதைச் சூழ்ந்த வயல்களையும் ஒரு தட்டில் வைத்து, நீலகிரியிலிருந்து ராமநாதபுரம் வரை பரந்த ஒரு மாநிலத்தை மறு தட்டில் வைத்திருக்கிறோம். சண்டிகரோடு ஒப்பிட்டால் பிழை எதிர்த்திசையில் போகிறது. பாகூர் ஏரிப் பாசனத்து நெல்வயல்களையும் காரைக்காலின் கடைமடை நிலங்களையும் புதுச்சேரியின் கணக்கில் ஏற்றிவிட்டு, சண்டிகரை அதன் கட்டடங்களோடு மட்டும் நிறுத்திப் பார்க்கிறோம்.

இனி உள்ளே போவோம். புதுச்சேரியின் சராசரி எண் எதுவானாலும் அது நான்கு கரைகளின் சராசரி. காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர் தெற்கே, காவிரிக் கழிமுகத்தில் இருக்கிறது. மாஹே 600 கிலோமீட்டருக்கு அப்பால் மலபார் கரையில். ஏனாம் 800 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே கோதாவரிக் கரையில். மாஹேயில் எழுத்தறிவு 97 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஏனாமில் அது எண்பதை ஒட்டி நிற்கிறது. மாஹேயின் எண் கேரளத்தின் எண்ணைப் போலவும் ஏனாமின் எண் கோதாவரிக் கரை ஆந்திரத்தின் எண்ணைப் போலவும் இருப்பது தற்செயல் அல்ல. அரசுப் பள்ளிகள் அண்மையில் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறும்வரை புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள், மாஹேயில் கேரளத்துடையவை, ஏனாமில் ஆந்திரத்துடையவை. ஒரே கல்வித்துறையின்கீழ் மூன்று மாநிலங்களின் புத்தகங்கள் புழங்கின.

சண்டிகரின் கடன் வேறு வகை. பாடநூலை அது அண்டை வீட்டாரிடம் வாங்கவில்லை. அரசு அலுவலர்களை வாங்கியது. பஞ்சாபுக்கு 60, ஹரியானாவுக்கு 40 என்ற விகிதத்தில் பணியிடங்களைப் பங்கிடுவது 1966 முதல் பேசப்பட்டுவரும் ஏற்பாடு. பஞ்சாப் ஆளுநரே சண்டிகரின் நிர்வாகியாகவும் இருக்கிறார். பஞ்சாபியா, ஹிந்தியா என்ற போட்டியில் நிர்வாகம் இரண்டையும் விட்டுவிட்டு ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்துக்கொண்டது. புதுச்சேரி நேர் எதிர்: தமிழ் எங்கும், மாஹேயில் மலையாளமும் ஏனாமில் தெலுங்கும் கூடவே. பல துண்டுகளான பிரதேசம் ஊருக்கு ஊர் அந்தந்த மண்ணின் மொழிக்கு இடம் கொடுத்தது. ஒரே துண்டான பிரதேசம் இருபுறத்து மொழிக்கும் கொடுக்கத் தயங்கியது.

எல்லையில் நின்று பார்த்தால் இரண்டும் எதிர்பாராத அளவுக்கு நெருங்கிவருகின்றன. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகும் நகரப் பேருந்தில் உட்காருங்கள். முத்தியால்பேட்டை முடிவதற்கும் கோட்டக்குப்பம் தொடங்குவதற்கும் நடுவே வெளி ஏதும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய கடைகள்தான். ஆனாலும் தமிழ்நாடு வந்துவிட்டதைக் கண் அறிந்துகொள்ளும். சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் மறைவார். வரிசையாக நின்ற தனியார் மதுக்கடைகள் சட்டென்று காணாமல் போகும். பாண்லே பால் பூத்துக்குப் பதில் ஆவின் வரும். சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று சில கிலோமீட்டர் கடந்தால் காலாப்பட்டு. புதுச்சேரி மறுபடியும் வந்துவிடும், பல்கலைக்கழகமும் அங்கேதான். தன் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற மாணவர் தினமும் இருமுறை மாநிலம் விட்டு மாநிலம் போய்வருகிறார். அதைப் பேருந்தில் யாரும் ஒரு செய்தியாகச் சொல்வதில்லை.

சண்டிகரின் தென்மேற்கு விளிம்பிலும் இதே தொடர்ச்சி உண்டு. அங்கே அதைக் காட்டுவது செக்டர் எண். சண்டிகரின் எண்கள் எங்கே நின்றனவோ அங்கிருந்து மொஹாலியின் எண்கள் தொடர்ந்து போகின்றன. நடுவில் பஞ்சாபின் எல்லை குறுக்கிடுவதை எண் கண்டுகொள்வதில்லை. கிழக்கே ஹரியானாவின் பஞ்ச்குலா ஒன்றிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கியது. ஒரு பக்கத்து அண்டை வீட்டார் தன்னைச் சண்டிகரின் நீட்சியாகவும் மற்றவர் தனி ஊராகவும் கருதியதைப் போல அது தோன்றும். ஆனால் மூன்றையும் சேர்த்து ‘டிரைசிட்டி’ என்றே ஊரார் பேசுகிறார்கள். பாலிலும் ஒரு வேற்றுமை உண்டு. புதுச்சேரிக்குத் தன் பெயரில் ஒரு பால் கூட்டுறவு இருக்கிறது. சண்டிகர் வீடுகளிலோ பஞ்சாபின் வெர்காவும் ஹரியானாவின் வீட்டாவும்தான் கொதிக்கின்றன.

இந்தக் கோடுகளை யார், எதற்காகப் போட்டார்கள்? 18ஆம் நூற்றாண்டில் நவாபுகளிடமிருந்து வெவ்வேறு தருணங்களில் கைக்கு வந்த கிராமங்களைப் பிரெஞ்சுக்காரர்கள் சேர்த்துக்கொண்டே போனார்கள், போரில் இழந்தார்கள், நெப்போலியனின் வீழ்ச்சிக்குப்பின் ஆங்கிலேயர் அளந்து திருப்பிக் கொடுத்ததைப் பெற்றுக்கொண்டார்கள். வரி வருவாய்க்காகவும் சமாதான உடன்படிக்கைக்காகவும் விழுந்த கோடுகள் அவை. சண்டிகரின் கோடு 1966இல் பஞ்சாப் மறுசீரமைப்புச் சட்டத்தால் விழுந்தது. மொழிவாரிப் பிரிவினையில் தலைநகரை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க முடியாததால் நடுவில் நிறுத்திவைத்த கோடு அது. ஒன்றுக்கு இருநூறு வயது, மற்றதற்கு அறுபது. இரண்டில் எதுவும் நகரம் எப்படி வளரும் என்பதை எண்ணிப் போட்டதல்ல.

சொல்லப்போனால், சண்டிகரில் வளர்ச்சியைத் தடுக்கவே ஒரு சட்டம் இருந்தது. நகரைச் சுற்றிப் பசுமை வளையம் காக்க 1952இல் புறநகர்க் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றினார்கள். முதலில் ஐந்து மைல், பிறகு பத்து மைல் தொலைவுக்கு அது விரிந்தது. நிலம் மூன்று ஆட்சிகளுக்குப் பிரிந்தபின் அந்த வளையத்துக்குள்ளேயே மொஹாலியும் பஞ்ச்குலாவும் எழுந்தன. புதுச்சேரியில் முட்டை வடிவப் புல்வார் நான்கு புறமும் பழைய நகரைக் கட்டி நிற்கிறது. நகரம் அதைத் தாண்டி உழவர்கரைக்குள் பெருகியது. 2011இல் உழவர்கரையின் மக்கள்தொகை 3,00,104; மையத்தைவிட விளிம்பு பெருத்துவிட்டது. திட்டமிட்ட நகரானாலும் வளர்ந்துவந்த நகரானாலும் வேலி தாண்டும் குணம் ஒன்றே.

வேலி தாண்டியதை எண்ண மறுப்பதிலும் அதிகாரபூர்வக் கணக்கு இருவரையும் ஒன்றாகவே நடத்துகிறது. நகரத் திரள் என்று கணக்கெடுப்பு சொல்லும்போது மாநில எல்லையில் நின்றுவிடுகிறது. டெல்லித் திரளில் நொய்டாவும் குருகிராமும் சேராததற்குக் காரணம் அதுவே. சண்டிகரின் திரள் மொஹாலியை அறியாது. புதுச்சேரியின் திரள் கோட்டக்குப்பத்தை அறியாது. நகரத் திரள் என்ற கருத்தே நிர்வாக எல்லை தாண்டிப் பரவும் குடியிருப்பை அளக்கப் பிறந்தது. நகராட்சி எல்லையைத் தாண்ட அனுமதித்துவிட்டு மாநில எல்லையில் அதைக் கட்டிப்போட்டால், எல்லையோர நகரங்கள்தான் எப்போதும் குறைத்து அளக்கப்படும்.

குறைத்து அளப்பது ஒரு பக்கம். கூட்டி அளப்பது இன்னொரு பக்கம். இங்கேதான் இந்த இரு ஊர்களின் மிக நெருங்கிய உறவு வெளிப்படுகிறது, அதுவும் ஒரு மருத்துவமனை வாசலில். 1823இல் தொடங்கிய பிரெஞ்சு மருத்துவப் பள்ளியின் வழிவந்தது ஜிப்மர். கோரிமேட்டில் அதன் வளாகத்தை ஒட்டியே எல்லைச் சாவடி. அதைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டத்தின் பட்டானூர். சண்டிகரில் 1962இல் தொடங்கியது பி.ஜி.ஐ. மருத்துவமனை. இரண்டும் மத்திய அரசின் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனங்கள். இரண்டும் அமைந்திருக்கும் ஊரைவிட அக்கம்பக்கத்து மாநிலங்களுக்கே அதிகம் பயன்படுபவை. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலையிலிருந்து விடியுமுன் வந்து ஜிப்மரில் வரிசையில் நிற்பவர்களுக்கும், பஞ்சாப், ஹரியானா, ஹிமாசலத்திலிருந்து வந்து பி.ஜி.ஐ. வராந்தாவில் காத்திருப்பவர்களுக்கும் மொழி ஒன்றைத் தவிர வேறுபாடு இல்லை.

இது அட்டவணையை என்ன செய்கிறது? பிறப்பு எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊரில் பதிவாக வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். பண்ருட்டிப் பெண்ணுக்குக் கோரிமேட்டில் குழந்தை பிறந்தால் அது புதுச்சேரியின் பிறப்பு. அம்பாலாப் பெண்ணுக்குச் சண்டிகரில் பிறந்தால் அது சண்டிகரின் பிறப்பு. ஆகவே பதிவான பிறப்புகளை உள்ளூர் மக்கள்தொகையால் வகுத்தால், இரு ஊர்களிலும் விகிதம் உண்மையைவிட உயர்ந்து நிற்கும். மேலே இருக்கும் எண் பக்கத்து மாநிலத்தையும் சேர்த்து எண்ணுகிறது. கீழே இருக்கும் எண் எல்லைக்குள் மட்டும் எண்ணுகிறது. ‘ஆள்வீதம்’ என்று தொடங்கும் எந்த ஒப்பீட்டையும் இந்த இரு ஊர்களில் நம்புமுன் மேலே யார், கீழே யார் என்று கேட்டாக வேண்டும்.

மதுவும் வாகனமும் அதே கணக்குத்தான். வரி குறைவு என்பதால் கடலூர்க்காரர் முள்ளோடை தாண்டி வந்து வாங்கும் பாட்டிலும், மொஹாலிக்காரர் சண்டிகரில் வாங்கும் பாட்டிலும் உள்ளூர் விற்பனையாகவே பதிவாகும். நாட்டிலேயே ஆள்வீதம் கார் அதிகமுள்ள ஊர் என்று சண்டிகருக்குப் பெயர். புதுச்சேரி எண் தாங்கிய சொகுசுக் கார்கள் கேரளச் சாலைகளில் அளவுக்கு மீறி ஓடியது 2017இல் வரி ஏய்ப்பு வழக்குகள் வரை போனது. அந்தக் கார்கள் புதுச்சேரி வீதியை ஒருநாளும் பார்த்திராதவை. ஆனால் ‘புதுச்சேரியின் வாகனங்கள்’.

எண்களை விட்டு வீதிக்கு வருவோம். இரண்டையும் பிரெஞ்சு மரபின் பிள்ளைகள் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும்: ஒன்று பிரெஞ்சுக் கம்பெனி கட்டியது, மற்றது பாரிஸிலிருந்து வந்த லெ கொர்பூசியே வரைந்தது. இரண்டிலும் முதல் கோடு பிரெஞ்சுக் கோடல்ல என்பதுதான் வேடிக்கை. 1693இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அடுத்த ஆண்டே நேர்க்கோட்டு வீதிகளோடு ஒரு வரைபடம் போட்டார்கள். 1699இல் ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒழுங்கைத் தொடர்ந்தார்கள். 1761இல் ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய பிறகும் அதே சட்டகத்தின்மேல் மீண்டும் கட்டினார்கள். சண்டிகருக்கு முதலில் திட்டம் வரைந்தவர்கள் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் போலந்துக்காரரான மேத்யூ நோவிட்ஸ்கியும். 1950இல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்த பிறகே லெ கொர்பூசியே வந்தார். வந்து, மேயரின் வளைகோடுகளை நிமிர்த்தினார்.

அந்த நேர்க்கோடுகள் மனிதரைப் பிரித்த விதத்திலும் ஒற்றுமை உண்டு. புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். மேற்கிலும் வைசியாள் வீதி போலச் சாதிக்கும் தொழிலுக்கும் ஏற்ப வீதிகள். சுதந்திர இந்தியாவின் கனவு நகரில் சாதிக்கு இடமில்லை. சம்பளப் படிநிலைக்கு இருந்தது. அமைச்சர் முதல் கடைநிலை ஊழியர் வரை ஒரு டசனுக்கு மேற்பட்ட வீட்டு வகைகள். வடக்குச் செக்டர்களில் விசாலம், தெற்கே நெருக்கம். ஒன்று பிறப்பைப் பார்த்து மனையளந்தது. மற்றது சம்பளத்தைப் பார்த்து மனையளந்தது.

இன்னும் ஒரு சந்திப்பு. சண்டிகர்தான் இந்திய நவீனக் கட்டடக்கலையின் தொடக்கம் என்பது பொது நம்பிக்கை. ஆனால் 1930களின் பிற்பாதியிலேயே ஆன்டொனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதி அரவிந்தர் ஆசிரமத்துக்காகப் புதுச்சேரியில் எழத் தொடங்கிவிட்டது. பூசாத கான்கிரீட், சன்னல் கண்ணாடிக்குப் பதில் சாய்க்கக்கூடிய பலகைகள், கடற்காற்று ஊடுருவும் அறைகள். அதே ரேமண்ட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு ஜப்பானில் கட்டிய கோடைவீடு, லெ கொர்பூசியே கட்டாமல் விட்ட ஒரு வீட்டின் வரைபடத்தைத் தழுவியது என்பது கட்டடக்கலை உலகம் அறிந்த பூசல். ஆக, கொர்பூசியேவின் சாயல் அவருக்கு முன்பாகவே வேறொருவர் கைவழியாகச் சோழமண்டலக் கரையைத் தொட்டிருக்கிறது.

அரசியலில் இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போல இடவலம் மாறி நிற்கின்றன. சண்டிகரை இரண்டு மாநிலங்கள் கேட்கின்றன. 1985 ராஜீவ்-லோங்கோவால் உடன்பாடு அதைப் பஞ்சாபுக்குக் கொடுக்க 1986 ஜனவரி 26 என்று நாளும் குறித்தது. நாள் வந்தது, ஊர் கைமாறவில்லை. 2022 ஏப்ரலில்கூடப் பஞ்சாப் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, சில நாட்களில் ஹரியானாவும் எதிர்த் தீர்மானம் போட்டது. புதுச்சேரியை அண்டை மாநிலம் இப்படி வரிந்துகட்டிக் கேட்கவில்லை. சேர்க்கலாம் என்ற பேச்சு 1979இல் டெல்லியிலிருந்து வந்தபோது ஊரே திரண்டு எதிர்த்தது. மக்கள் விருப்பத்தை அறியாமல் தனி நிலையை மாற்றக்கூடாது என்று 1956 ஒப்படைப்பு உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. சட்டமன்றமே இல்லாத சண்டிகர் பிறர் தீர்மானங்களின் பொருளாக இருக்கிறது. சட்டமன்றம் உள்ள புதுச்சேரி மாநிலத் தகுதி கேட்டுத் தன்னைப் பற்றித் தானே தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டின் வரலாற்றிலும் ஒரே தேதி வேறு: புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது 1954 நவம்பர் 1, சண்டிகர் யூனியன் பிரதேசமானது 1966 நவம்பர் 1.

அப்படியானால் இவற்றை ஒப்பிடுவது வீணா? இல்லை. எந்தக் கேள்விக்கு எந்த எல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். ஆட்சியுரிமையைப் பற்றிய கேள்விக்கு யூனியன் பிரதேசமே சரியான அளவு. அங்கே மாஹேயும் ஏனாமும் புதுச்சேரிதான். வீதி, வடிகால், குப்பை பற்றிய கேள்விக்குப் புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளைச் சண்டிகர் மாநகராட்சியோடு நிறுத்த வேண்டும். எழுத்தறிவுக்கும் பாலின விகிதத்துக்கும் நான்கு பகுதிகளையும் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் அண்டை மாவட்டத்தோடு பார்ப்பதே நியாயம். சண்டிகரின் 818ஐப் பஞ்சாபின் 895, ஹரியானாவின் 879 இவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால்தான், வட்டார வழக்கம் எவ்வளவு, வேலை தேடித் தனியாக வந்த ஆண்களின் கூட்டம் எவ்வளவு என்று யோசிக்கவே முடியும். மருத்துவம், மது, வாகனம், போக்குவரத்து என்று வந்துவிட்டால் கோட்டக்குப்பத்தையும் மொஹாலியையும் விட்டுவிட்டு எந்த எண்ணையும் வாசிக்கலாகாது.

இதற்கு விமான நிலையமே சாட்சி. சண்டிகரின் ஓடுபாதை ஓரிடத்தில் இருக்க, 2015இல் திறந்த பன்னாட்டு முனையம் மொஹாலிப் பக்கத்து நிலத்தில் நிற்கிறது. பஞ்சாபும் ஹரியானாவும் அதன் நிறுவனத்தில் பங்குதாரர்கள். லாஸ்பேட்டை ஓடுபாதையை நீட்ட வேண்டுமானால் புதுச்சேரி தமிழ்நாட்டிடம் நிலம் கேட்டாக வேண்டும். பங்குதாரர்களாகிப் பெயருக்கே பல ஆண்டுகள் சண்டையிட்டாலும் வடக்கே முனையம் கட்டி முடிந்தது. தெற்கே அத்தகைய பங்காளி ஏற்பாடு இன்னும் அமையவில்லை. புதுச்சேரி சண்டிகரிடம் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் நேர்வீதியோ பசுமையோ அல்ல, அண்டை மாநிலத்தோடு ஒரே நிறுவனத்தில் பங்கு வைப்பதுதான். சண்டிகர் புதுச்சேரியிடம் கற்கத்தக்கதும் ஒன்று உண்டு: ஊரின் நிலையை மாற்றுமுன் அங்கே வாழ்பவர்களைக் கேட்க வேண்டும் என்ற, எழுத்தில் பதிந்த ஒரு வரி.